ஸ்கார்பரோ: கடல் வற்றும் நேரம் பார்த்துப் போக வேண்டிய ஊர்

யார்க்‌ஷரின் கிழக்குக் கரையில் இருக்கும் ஸ்கார்பரோவுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "காசு போடுற மெஷினும் எண்ணெய் வாசனையும்தான், வேறென்ன இருக்கு?" என்பார்கள் சிலர். "இன்னும் ரெண்டு நாள் இருந்திருக்கலாம்" என்பார்கள் வேறு சிலர். இரு தரப்பும் பார்த்தது ஒரே ஊரைத்தான். எந்த வழியாகக் கடலுக்கு இறங்கினார்கள், இறங்கியபோது கடல் ஏறியிருந்ததா வற்றியிருந்ததா என்பதுதான் வித்தியாசம். இங்கிலாந்தின் பழைய பாணிக் கடற்கரை ஊர்களில் ஒன்றே ஒன்றைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், தயங்காமல் இந்த ஊரைச் சொல்வேன். அதோடு சேர்த்துச் சில நிபந்தனைகளையும் சொல்வேன்.

முதலில் ஊரின் அமைப்பு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய பாறை முனை. அதன் தலையில் கோட்டை. முனைக்குத் தெற்கே ஒரு விரிகுடா, வடக்கே ஒரு விரிகுடா. ஊர் முழுக்க மேலே மேட்டில் இருக்கிறது, மணல் கீழே இருக்கிறது. வரைபடத்தில் ஐந்து நிமிட நடை என்று தெரிவது நேரில் செங்குத்தான படிக்கட்டாக இருக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களையோ குழந்தை வண்டியையோ கூட்டிப்போகிறவர்கள் இதை மனதில் வைத்துத்தான் நாளைத் திட்டமிட வேண்டும்.

இங்கிலாந்தின் முதல் கடற்கரை உல்லாச ஊர் என்று ஸ்கார்பரோவைச் சொல்வதுண்டு. அதற்கு ஆதாரம் உண்டு. 1626இல் தெற்குச் சரிவின் அடியில் கசிந்த ஊற்றுநீர் உடம்புக்கு நல்லது என்று பேச்சுக் கிளம்பி, அதைக் குடிக்க வசதி படைத்தவர்கள் வரத் தொடங்கினார்கள். அந்த இடம்தான் இன்றைக்கும் 'ஸ்பா'. குடிக்க வந்தவர்கள் கடலில் குளிக்கவும் ஆரம்பித்தார்கள். சக்கரம் வைத்த குளியல் வண்டி ஒன்று இந்த மணலில் நிற்பதை 1735இல் அச்சான செதுக்கோவியம் காட்டுகிறது. ரயில் 1845இல் வந்தது. அதன் பிறகு ஆலைத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு வரத் தொடங்கினார்கள். ஊரின் இரட்டை முகத்துக்குக் காரணம் இதுதான்: தெற்கு மேட்டில் பணக்கார ஊர், துறைமுகத்துக்குப் பக்கத்தில் திருவிழா ஊர்.

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க்குக்குச் சுமார் இரண்டு மணி நேரம். யார்க்கில் மாறினால் ஸ்கார்பரோவுக்கு ஏறத்தாழ 50 நிமிடம். யார்க் ரயில் பெரும்பாலும் மணிக்கு ஒன்று. கோடைச் சனிக்கிழமை காலையில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம், அதனால் ஒன்பது மணிக்கு முன்னால் யார்க்கைத் தாண்டிவிடுவது நல்லது. ரயிலை விட்டு இறங்கியதும் முதலாம் பிளாட்பாரத்தின் சுவரை ஒட்டிய மர பெஞ்சைப் பாருங்கள். 139 மீட்டர் நீளம். உலகத்தின் மிக நீளமான ரயில் நிலைய இருக்கை என்று சொல்லப்படுகிறது. ஒரு காலத்தில் இந்த நிலையத்தில் இறங்கிய கூட்டத்தின் அளவை இந்த ஒரு பெஞ்சே சொல்லிவிடும்.

நிலையத்துக்கு வெளியே வந்ததும் எல்லோரும் ஒரே திசையில் நடப்பார்கள்: வெஸ்ட்பரோ கடைத்தெரு வழியாக நேராகக் கீழே துறைமுகத்துக்கு. முதல் தடவை வருகிறவர் தவிர்க்க வேண்டியது இந்த வழியைத்தான். அது கொண்டுபோய் விடும் இடம் ஃபோர்ஷோர் ரோடு. வரிசையாகக் காசு மெஷின் கூடங்கள், பொரித்த மாவின் மணம், ஒலிபெருக்கி. அதற்கும் ஒரு நேரம் உண்டு, ஆனால் ஊரை அங்கிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் கண்ணில் படாமலே போய்விடும்.

கடைத்தெருவில் பாதி தூரத்தில் வலப்பக்கம் திரும்பி செயின்ட் நிக்கலஸ் கிளிஃப் பக்கம் போங்கள். கிராண்ட் ஹோட்டலின் முன்னால் வந்து நிற்பீர்கள். கத்பர்ட் பிராட்ரிக் வடிவமைத்து 1867இல் திறந்த கட்டடம் இது. நான்கு கோபுரம், 12 தளம், 52 புகைபோக்கி, 365 படுக்கையறை என்று பருவம், மாதம், வாரம், நாள் கணக்கில் கட்டினார்கள். அந்தக் காலத்துக் குளியல் தொட்டிகளில் சுடுநீர், குளிர்நீர்க் குழாயோடு கடல்நீருக்கும் தனிக் குழாய் இருந்தது. கட்டடத்தின் முழு உருவம் தெரிய வேண்டுமென்றால் கீழே மணலில், கடல் வற்றிய நேரத்தில், நீர்விளிம்பு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். தெருவிலிருந்து பார்த்தால் பாதிக்கட்டடம்தான் தெரியும். மீதி பாறைச்சரிவில் கீழே இறங்கியிருக்கிறது.

ஹோட்டலைத் தாண்டினதும் ஸ்பா பாலம். 1827இல் கட்டிய இரும்பு நடைபாலம், பள்ளத்தாக்கைக் கடந்து தெற்கு மேட்டுக்குக் கொண்டு போகும். வசந்தத்திலும் கோடையிலும் பாலத்தின் அடியிலும் ஹோட்டல் சுவர் விளிம்புகளிலும் கிட்டிவேக் என்ற சிறிய கடற்காகங்கள் கூடு கட்டியிருக்கும். தன் பெயரையே கூவும் பறவை அது. அதனால் பாலத்தின் அடியில் நடக்கும்போது தொப்பி போட்டுக்கொள்வது நல்லது. சாப்பாட்டைப் பிடுங்குவது இந்தப் பறவை இல்லை. அந்த வேலையைச் செய்கிறது அதைவிடப் பெரிய ஹெரிங் கடற்காகம்.

பாலத்தின் அடியில் பள்ளத்தாக்கில் நிற்கும் வட்டமான கட்டடம் ரோட்டண்டா அருங்காட்சியகம். 1829இல் திறந்தது. இங்கிலாந்தின் நில அடுக்குகளுக்கு முதன்முதலில் முழு வரைபடம் போட்ட வில்லியம் ஸ்மித் சொன்ன யோசனைப்படி, பாறை அடுக்குகள் எந்த வரிசையில் நிலத்தில் இருக்கின்றனவோ அதே வரிசையில் புதைபடிவங்களைச் சுவரைச் சுற்றி அடுக்க வேண்டும் என்பதற்காகவே வட்டமாகக் கட்டினார்கள். 1834இல் கிறிஸ்தார்ப் ஊருக்குப் பக்கத்தில் ஓக் மரத்தைக் குடைந்த பெட்டிக்குள் கிடைத்த வெண்கலக் கால மனிதரின் எலும்புக்கூடும் இங்கேதான் இருக்கிறது. ஒரு மணி நேரம் போதும். மழை நாளில் ஊரில் முதலில் போக வேண்டிய இடம் இது.

பாலத்தின் தெற்கு முனையிலிருந்து எஸ்பிளனேடு மேட்டுச்சாலையில் நடந்து, சவுத் கிளிஃப் தோட்டங்கள் வழியாக வளைந்து வளைந்து கீழே இறங்குங்கள். ஊரின் மிகச் சிறந்த ஒரு மணி நேரம் இதுதான். விரிகுடா முழுதும், எதிரே கோட்டை முனை, நடுவில் துறைமுகம், எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். இறங்க முடியாதவர்களுக்கு ஸ்பா கிளிஃப் லிஃப்ட் இருக்கிறது. 1875இல் ஓடத் தொடங்கிய இது பிரிட்டனின் முதல் சரிவு ரயில்; அப்போது கடல்நீரின் எடையை வைத்தே இழுத்தார்கள். நடுவூரில் கிராண்ட் ஹோட்டல் பக்கத்திலிருந்து இறங்கும் சென்ட்ரல் டிராம்வே 1881ஐச் சேர்ந்தது. இன்று ஓடுவது இந்த இரண்டு மட்டுமே. பழைய வரைபடங்களில் வேறு லிஃப்டுகளும் இருக்கும், அவற்றை நம்பிப் போகாதீர்கள். குளிர்காலத்திலும் பராமரிப்பு நாட்களிலும் இவையும் நிற்கும். ஆகவே லிஃப்ட் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கீழே இறங்குங்கள்; இறங்கியபின் தெரிந்தால் ஏறித்தான் ஆக வேண்டும்.

இந்தச் சரிவில் சில நடைபாதைகள் அடைக்கப்பட்டிருப்பதைப் பார்த்து எரிச்சல்பட வேண்டாம். இங்குள்ள மண் பனியாறு விட்டுச்சென்ற களிமண். மழையில் ஊறினால் நழுவும். 1993 ஜூனில் தெற்கே ஹோல்பெக் ஹால் என்ற ஹோட்டல் ஓரிரு நாளில் சரிவோடு சரிந்து இடிந்து போனது. விருந்தினர்களை முன்கூட்டியே வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை. தடுப்பு வைத்திருந்தால் அதைத் தாண்டாதீர்கள்.

ஸ்பா கட்டடத்தின் சிறப்பு அதன் இசைக்குழு. 1912 முதல் கோடைகாலத்தில் வாசித்துவரும் ஸ்பா ஆர்க்கெஸ்ட்ரா இது. கடற்கரை ஊர்களில் ஒரு காலத்தில் எங்கும் இருந்த இப்படிப்பட்ட தொழில்முறைக் குழுக்களில் பிரிட்டனில் மிஞ்சியிருப்பது இதுதான் என்கிறார்கள். காற்று அடக்கமாக இருந்தால் சன் கோர்ட் என்ற திறந்த முற்றத்தில் சாய்வு நாற்காலி போட்டு வாசிப்பார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தால் இசையும் அலைச்சத்தமும் சேர்ந்து கேட்கும். காலை நிகழ்ச்சிக்கே போங்கள், காரணம் வெயில். கடல் கிழக்கே, சரிவு மேற்கே. பிற்பகல் சாய்ந்ததும் ஸ்பா பக்கத்து மணல்தான் முதலில் நிழலுக்குள் போகும், நிழல் விழுந்ததும் குளிர் ஏறும். தெற்கு விரிகுடாவை மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

இப்போது கடல் ஏற்ற இறக்கம். இதைப் பார்க்காமல் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பெரிய ஏற்ற நாட்களில் இங்கே நீர்மட்டம் நான்கு, ஐந்து மீட்டர் வரை ஏறி இறங்கும். வற்றியிருக்கும்போது தெற்கு விரிகுடாவின் மணல் கிரிக்கெட் ஆடும் அளவுக்கு அகலமாக, ஈரம் இறுகி, நடக்கத் தோதாகக் கிடக்கும். ஏறிவிட்டால் ஸ்பா சுவரில் அலை நேரே மோதும். துறைமுகம் பக்கம் ஒரு பட்டை மணல்தான் மிஞ்சும், அதில் ஊரே உட்கார்ந்திருக்கும். வடக்கு விரிகுடாவில் அதுவும் மிஞ்சாது. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் பன்னிரண்டரை மணி நேரம் சுமார். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நாள் தேர்வு உங்கள் கையில் இருந்தால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் போங்கள். அப்போது காலை 11 மணி சுமாருக்குக் கடல் நன்றாக வற்றியிருக்கும், மாலை 5 மணி சுமாருக்கு ஏறி நிற்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இது தலைகீழ்: காலை 11க்கு நீர் ஏறியிருக்கும். இது தோராயக் கணக்கு. சரியான நேரத்துக்கு அன்றைய அட்டவணையைப் பாருங்கள். ஸ்பாவைத் தாண்டித் தெற்கே பாறைகள் வழியாக நடக்கிறவர்கள் கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும். வற்றும்போது கிளம்பி, ஏறத் தொடங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும். சரிவின் அடியில் மாட்டிக்கொண்டால் மேலே ஏற வழி இருக்காது.

குளிப்பதற்கு? ஆகஸ்டிலும் கடல் 14, 15 டிகிரி செல்சியஸ்தான். முழங்கால் நனைப்பது பெரியவர்களுக்குப் போதும். குழந்தைகள் கேட்க மாட்டார்கள் என்பது தெரிந்ததே. அரசின் குளியல் நீர்ப் பரிசோதனையில் தெற்கு விரிகுடா 2023, 2024 இரு ஆண்டுகளிலும் 'மோசம்' என்ற தரத்தில் இருந்தது. அந்தத் தரம் வந்தால் குளிக்க வேண்டாம் என்று கரையில் அறிவிப்பு வைப்பார்கள். மே 15 முதல் செப்டம்பர் 30 வரைதான் பரிசோதனைக் காலம், தரம் ஆண்டுதோறும் மாறும். ஆகவே பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள். பெருமழைக்கு மறுநாள் எந்த விரிகுடாவிலும் தலை முழுக வேண்டாம். ஓடைநீரும் சாக்கடை வழிவும் அப்போதுதான் கடலில் கலக்கும். குளிக்க வடக்கு விரிகுடாவே மேல். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள், உயிர்காப்பாளர்கள் பார்த்துக்கொண்டிருப்பது அந்தப் பகுதியைத்தான். நாயோடு வருகிறவர்களுக்கு: மே முதல் செப்டம்பர் முடியக் கரையின் சில பகுதிகளுக்கு நாயைக் கொண்டுபோகக் கூடாது.

சாப்பாட்டுக்கு வருவோம். பொரித்த மீனும் சிப்ஸும் (நீளமாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு) சாப்பிடாமல் யாரும் திரும்புவதில்லை, ஆனால் சில விஷயம் தெரிந்து சாப்பிட வேண்டும். யார்க்‌ஷரில் மீன் என்றால் ஹேடக். தோல் உரித்துப் போடுவார்கள். தெற்கு இங்கிலாந்தில் அதிகம் கிடைக்கும் காட் மீனைவிட இது கொஞ்சம் இனிப்பு, துண்டு சற்று மெலிது. இங்கே பல கடைகளில் பொரிப்பது மாட்டுக்கொழுப்பில். மொறுமொறுப்புக்கும் அந்தத் தனி மணத்துக்கும் காரணம் அதுதான். மீனைத் தவிர்த்துச் சிப்ஸ் மட்டும் வாங்கினாலும் அதே கொழுப்பில்தான் வரும். மாட்டிறைச்சி சேர்க்காதவர்களும் சைவர்களும் வரிசையில் நிற்பதற்கு முன்பே, "தாவர எண்ணெயா, மாட்டுக்கொழுப்பா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், நேராகச் சொல்லிவிடுவார்கள். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் இருக்கின்றன, வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள்.

வாங்குகிற விதத்திலும் ருசி போய்விடும். கண்ணாடிச் சூட்டுப் பெட்டியில் ஏற்கெனவே பொரித்து அடுக்கியிருக்கும் மீனை எடுத்தால், உள்ளிருக்கும் ஆவி மாவுப் பூச்சை ஊறவைத்திருக்கும். புதிதாகப் போட்டுத் தரச் சொன்னால் ஏழெட்டு நிமிடம் காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்புக்குப் பலன் உண்டு. நல்ல மீனை முள்கரண்டியால் அழுத்தினால் பூச்சு சத்தம் போட்டு உடையும், உள்ளே சதை வெள்ளை இதழ்களாகப் பிரியும். பூச்சுக்கும் சதைக்கும் நடுவில் பசை மாதிரி வேகாத மாவு இருக்கக் கூடாது. வினிகரை முதலில் ஊற்றிவிட்டு மேலே உப்புத் தூவச் சொல்லுங்கள். அப்போதுதான் உப்பு ஒட்டும். மூடிக் கட்டிக்கொண்டு தங்கும் அறைக்குக் கொண்டுபோனால் பத்து நிமிடத்தில் எல்லாம் தொய்ந்துவிடும். 'ஸ்கிராப்ஸ்' என்று கேட்டால் சட்டியில் உதிர்ந்த மாவுப் பொரியை மேலே போட்டுத் தருவார்கள். 'ஃபிஷ் கேக்' என்று இங்கே வருவது இரண்டு உருளைக்கிழங்கு வில்லைகளுக்கு நடுவில் மீன் வைத்து மாவில் தோய்த்துப் பொரித்தது. மற்ற ஊர்களில் வரும் மசித்த உருண்டை இல்லை. சாதாரண அளவே பெரியது, இரண்டு பேருக்கு ஒன்று வாங்கிவிட்டுத் தேவையானால் மறுபடி வாங்கலாம். மதியம் பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை கூட்டம் நெரியும். பதினொன்றே முக்காலுக்குப் போய்விடுங்கள்.

கையில் பொட்டலத்தோடு மணலோரம் நடக்க வேண்டாம். ஹெரிங் கடற்காகம் பின்னாலிருந்து வந்து, நீங்கள் கையை வாய்க்குக் கொண்டுபோகும் கணத்தில் அடிக்கும். சுவரை முதுகுக்கு வைத்து, குடைத்துணிக்கு அடியிலோ நிழற்கூடத்திலோ உட்கார்ந்து சாப்பிடுங்கள். பாவம் என்று ஒரு துண்டு போட்டால் அடுத்த நிமிடம் இருபது வரும்.

எனக்குக் கேட்டால் இந்த ஊரின் உண்மையான ருசி நண்டுதான். துறைமுகத்தில் கூண்டு வைத்து நண்டும் லாப்ஸ்டரும் பிடிக்கும் படகுகள் இன்னும் இருக்கின்றன. கரையிலுள்ள சிறு கடைகளில் 'டிரெஸ்ட் கிராப்' வாங்குங்கள். அவித்த நண்டைப் பிரித்து, சாப்பிடக் கூடாத செவுள்களை எடுத்தெறிந்துவிட்டு, காலிலும் கொடுக்கிலும் உள்ள வெள்ளைச் சதையையும் ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புச் சதையையும் கழுவின ஓட்டிலேயே பக்கம் பக்கமாக நிரப்பித் தருவார்கள். மேலே எலுமிச்சை, மிளகு போதும். ஓட்டின் அளவைப் பார்த்து வாங்காதீர்கள். வெள்ளைச் சதை எவ்வளவு என்று பாருங்கள், அதைப் பிரித்தெடுப்பதுதான் பெரிய வேலை. தட்டில் தரும் சங்குச்சதை ரப்பர் மாதிரி இழுக்கும், எல்லோருக்கும் பிடிக்காது. ஐஸ்கிரீமுக்கு சாண்ட்சைடில் ஹார்பர் பார். 1945இல் திறந்தது, மஞ்சளும் வெள்ளையுமாக அந்தக் கால அலங்காரம் அப்படியே இருக்கிறது. உயரக் கண்ணாடியில் பழம், ஐஸ்கிரீம், கிரீம் என்று அடுக்கித் தரும் நிக்கர்பாக்கர் குளோரியை முக்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் முறை.

காசு மெஷின் கூடங்களுக்குக் குழந்தைகளோடு போகத்தான் வேண்டியிருக்கும். இரண்டு பென்ஸ் நாணயம் போட்டு நாணயக் குவியலைத் தள்ளும் மெஷினோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு பவுண்ட் மாற்றிக் கொடுத்தால் அரை மணி நேரம் ஓடும். பொம்மை தூக்கும் கொக்கி மெஷினில் அதே பணம் இரண்டே நிமிடத்தில் போய்விடும். கழுதைச் சவாரி குழந்தைகளுக்கு மட்டும். பிரிட்டனின் கழுதை நல வழிகாட்டுதலில் ஏறுகிறவர் எடைக்கு உச்சவரம்பு எட்டு ஸ்டோன், அதாவது 50 கிலோ.

துறைமுகத்திலிருந்து கோட்டைக்கு ஏறும் வழியில் செயின்ட் மேரி தேவாலயம். ஆங்கில நாவலாசிரியர் ஆன் பிரான்டே இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். பலரும் தேவாலயத்தைச் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டுப் போய்விடுகிறார்கள்; கல்லறை இருப்பது சாலைக்கு அப்பால் உள்ள தனி வளாகத்தில். காசநோய்க்குக் கடல்காற்று உதவும் என்று வந்தவர், மூன்றே நாளில், 1849 மே 28 அன்று இறந்தார். வயது 29. கல்லில் 28 என்று தவறாகப் பொறித்திருக்கிறது. உப்புக்காற்று அந்த எழுத்துகளை உரித்துக்கொண்டே வருவதால், 2013இல் பிரான்டே சங்கம் சரியான வயதைப் பொறித்த புதுக் கல் ஒன்றைக் கீழே பதித்தது.

கோட்டையின் பெரிய கோபுரம் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி கட்டியது. அதன் மேற்குச் சுவர் இல்லாமல் உள்ளே திறந்து கிடப்பதற்குக் காரணம் 1645 முற்றுகை. முற்றுகையிட்டவர்கள் தேவாலயத்துக்குள் பீரங்கி வைத்துச் சுட்டார்கள், கோட்டை திருப்பிச் சுட்டதில் தேவாலயத்தின் கிழக்குப் பகுதி போனது. அந்த இடிபாட்டு வளைவு இன்றும் வெளியே நிற்கிறது. 1914 டிசம்பர் 16 காலையில் ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் ஊரைச் சுட்டபோது கோட்டையும் துறைமுகக் கலங்கரை விளக்கும் அடி வாங்கின. முனையின் மேல் எப்போதும் காற்று அடிக்கும். கோடையிலும் ஒரு ஜாக்கெட் வேண்டும். குளிர்காலத்தில் வார நாட்களில் பெரும்பாலும் மூடியிருக்கும்.

தெற்கிலிருந்து வடக்குக்குப் போக மேட்டின் மேல் ஏறி இறங்க வேண்டாம். முனையைச் சுற்றிப் போகும் மரைன் டிரைவ் சாலை 1908இல் திறந்தது. சமதளம், அரை மணி நேர நடை. வடகிழக்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் அலை சுவரைத் தாண்டிச் சாலையில் விழும், அப்போது மூடிவிடுவார்கள். சீசனில் கடற்கரையோரம் மேல்தளம் திறந்த பஸ் ஓடுகிறது, நடக்க முடியாதவர்களுக்கு அது நல்ல வழி.

வடக்கு விரிகுடா குடும்பங்களுக்கான இடம். பீஸ்ஹோம் பார்க் 1912இல் திறந்தது. ஏரி, நடுவில் தீவு, அருவி, டிராகன் வடிவ மிதிபடகுகள். இங்கே 1927 முதல் நடக்கும் ஒரு வேடிக்கையைத் தவறவிடாதீர்கள்: ஆறு மீட்டர் சுமார் நீளமுள்ள மாதிரிப் போர்க்கப்பல்கள் ஏரியில் சண்டையிடும். பெரிய கப்பல்களுக்குள் ஆள் உட்கார்ந்துதான் ஓட்டுகிறார், தலைகூட வெளியே தெரியாது. பள்ளி விடுமுறைக் காலத்தில் வாரத்தில் சில நாள்தான் உண்டு. அதனால் தேதியைப் பார்த்துவிட்டு, தொடங்குவதற்கு அரை மணி முன்னால் கரையில் இடம் பிடியுங்கள்.

பார்க்குக்கு எதிரே நார்த் பே ரயில்வே. 1931 முதல் ஓடும் சிறு ரயில், தண்டவாள அகலம் 20 அங்குலம். பீஸ்ஹோமிலிருந்து ஸ்கால்பி மில்ஸ் வரை ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நீராவி எஞ்சின் மாதிரி தோற்றம் கொண்ட 'நெப்டியூன்' உண்மையில் டீசல். தொடக்க நாளிலிருந்தே அப்படித்தான். போகும்போது ரயிலில் போய், திரும்பும்போது கடற்சுவரை ஒட்டி வண்ண வண்ண மரக்குடில்களைப் பார்த்துக்கொண்டே நடந்து வாருங்கள். ஸ்கால்பி மில்ஸ் முனையில் கடல் வற்றியபோது பாறைக்குழிகளில் சிறு நண்டும் கடல் அனிமோனும் பார்க்கலாம். தூக்கிய கல்லை அதே இடத்தில் மெதுவாக வைத்துவிடுங்கள். அந்தப் பக்கத்து சீ லைஃப் மீன் காட்சியகம் மழைக்கு ஒதுங்கச் சரி, டிக்கெட்டை முன்பதிவு செய்தால் மலிவு. வெயில் நாளை அதில் செலவழிக்க வேண்டாம்.

கிரிக்கெட் பிரியர்களுக்குத் தனியாக ஒன்று. நார்த் மரைன் ரோடு மைதானத்தில் 1863 முதல் ஆட்டம் நடக்கிறது, ஸ்கார்பரோ கிரிக்கெட் திருவிழா 1876இல் தொடங்கியது. டான் பிராட்மன் இங்கிலாந்தில் ஆடிய கடைசி முதல்தர ஆட்டம் இங்கேதான், 1948இல், எடுத்தது 153. 1886இல் சி. ஐ. தார்ன்டன் அடித்த பந்து வீடுகளின் கூரைக்கு மேல் பறந்து பின்னால் இருக்கும் டிரஃபால்கர் ஸ்குவேரில் விழுந்தது. கோடையில் யார்க்‌ஷர் கவுன்டி அணி இங்கே ஆடும் நாட்களில் போக முடிந்தால் கட்டாயம் போங்கள். பெஞ்சு கட்டை, உட்கார ஒரு மெத்தை எடுத்துப்போங்கள்.

தங்குமிடம் பற்றி. அமைதியும் காட்சியும் வேண்டுமானால் எஸ்பிளனேடு பக்கம். குடும்பமாக, சிக்கனமாக என்றால் நார்த் மரைன் ரோடு, குவீன்ஸ் பரேடு சுற்றுவட்டத்து விருந்தினர் இல்லங்கள். இவை நான்கு மாடி விக்டோரியா காலத்து வீடுகள், பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. கடல் தெரியும் அறை என்றால் நான்காவது மாடியாகத்தான் இருக்கும். கோடை வாரக்கடைசியில் குறைந்தது இரண்டு இரவு தங்கச் சொல்வார்கள். திறந்தவெளி அரங்கில் பெரிய இசை நிகழ்ச்சி இருக்கும் நாளில் வாடகை எகிறும். 1932இல் திறந்த அந்த அரங்கின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்துவிட்டே தேதி போடுங்கள். மாலைப் பொழுதுக்கு ரயில் நிலையத்துக்கு எதிரே ஸ்டீபன் ஜோசப் தியேட்டர்: பழைய சினிமா கொட்டகையை மாற்றி 1996இல் திறந்தது, நடுவில் மேடை, சுற்றிப் பார்வையாளர்கள். நாடகாசிரியர் ஆலன் ஐக்போர்ன் 1972 முதல் 2009 வரை கலை இயக்குநராக இருந்த நாடகக் குழுவின் இடம் அது.

எப்போது போவது? ஜூன் கடைசி, அல்லது செப்டம்பர் முதல் பாதி. பள்ளி விடுமுறைக் கூட்டம் அப்போது இருக்காது. ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை 'ஃப்ரெட்' என்னும் கடல்மூட்டம் வரும்: நிலத்தின் வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த கடல் மேல் போய்க் குளிர்ந்து, பனியாகக் கரைக்குத் திரும்பும். பத்து மைல் உள்ளே யார்க் சாலையில் வெயில் அடிக்கும், ஸ்கார்பரோவில் கோட்டையே தெரியாது. கிழக்குக் காற்று என்று வானிலை அறிக்கை சொன்னால் அன்றைக்கு அருங்காட்சியகத்தை வைத்துக்கொள்ளுங்கள். தங்குகிறவர்கள் ஜூனில் நாலு மணிக்கு எழ முடிந்தால் கடலிலிருந்தே சூரியன் எழுவதைப் பார்க்கலாம்.

காரில் வருகிறவர்களுக்கு: மால்டனைத் தாண்டி ஏ64 சாலை பல இடங்களில் ஒற்றைத் தடம்தான். கோடை ஞாயிறு காலை பத்துக்கு மேல் வண்டி ஊர்ந்துதான் போகும், மாலை நாலு மணிக்குத் திரும்பும் பக்கமும் அதே கதை. கடலோர நிறுத்தங்கள் பதினோரு மணிக்குள் நிரம்பிவிடும். யார்க் பக்கமிருந்து வந்தால் சீமர் ரோடு, தெற்கிலிருந்து வந்தால் ஃபைலி ரோடு, இரண்டிலும் வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறும் வசதி இருக்கிறது. கடலோரத்தில் ஒரு இடத்துக்காக முக்கால் மணி சுற்றுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இரண்டாம் நாள் இருந்தால் வடக்கே கிளம்புங்கள். ஸ்கார்பரோவுக்கும் விட்பிக்கும் இடையே 1885இல் திறந்து 1965இல் மூடிய ரயில் பாதை இப்போது சிண்டர் டிராக் என்ற நடை, சைக்கிள் பாதை. முழு நீளம் 21 மைல் சுமார். ரேவன்ஸ்கார் வரை மெதுவாக ஏற்றம், அதன் பின் ராபின் ஹூட்ஸ் பே வரை இறக்கம். மழைக்குப் பின் சேறு நிற்கும், மெல்லிய டயர் போட்ட சைக்கிள் சரிப்படாது. நடக்க விரும்பாதவர்கள் எக்ஸ்93 பஸ்ஸில் ராபின் ஹூட்ஸ் பே வழியாக விட்பி போய்வரலாம். 2025 ஜனவரி முதல் இங்கிலாந்தில் திட்டத்தில் சேர்ந்துள்ள பஸ்களில் ஒரு வழிக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை. மேல்தளத்தில் முன் இருக்கை கிடைக்க வேண்டுமென்றால், நடுவழி நிறுத்தத்தில் காத்திருக்காமல் புறப்படும் நிறுத்தத்துக்கே போய் ஏறுங்கள். போகும்போது வலப்பக்கம்தான் கடல்.